வாயோரப் புண்ணுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது



மார்கழி, தை வந்தால் நுவரெலியா, ஹட்டன் பக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு உதடு வெடிக்கும். பனி, காற்று என்று சொல்லி தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசி விடுவோம். உதடு காய்ந்து வெடித்தால் அது சரியான வைத்தியம்தான். உதட்டுத் தோல் மிக மெல்லியது, வியர்வைச் சுரப்பி இல்லாதது. அதனால் சீக்கிரம் காயும். நாக்கால் நக்கினால் இன்னும் காயும். 1872இல் அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் காப்புரிமை எடுத்த வாஸ்லின் செய்கிற வேலை ஒன்றுதான்: இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் மூடி வைப்பது.

ஆனால் வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டாலே எரிகிற புண் ஒன்று உண்டு. பனிக்காலம் முடிந்தாலும் அது ஆறாது. அதன் கதை வேறு.

நம்மைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியில், குன்னூரில், அந்தக் காலத்தில் ஓர் உணவு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1930களின் நடுவில் அதன் தலைவராக இருந்த ஏக்ரோய்ட், அரிசிச் சோற்றையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் வாய்ப்புண்ணை ஆராய்ந்து, விற்றமின் பி2 குறைவுதான் காரணம் என்று எழுதினார். 1938இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர் அதை உறுதிப்படுத்தினார்கள். அந்தச் சத்து இல்லாத சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு வாயோரம் வெடித்தது. சத்தைக் கொடுத்ததும் ஆறியது.

எங்கள் நாட்டிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1934-35 மலேரியா கொள்ளைநோயின்போது, சத்துக் குறைந்து போனவர்களுக்கு இலங்கையில் மார்மைட் கொடுத்தார்கள். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட்டில் பி வகை விற்றமின்கள் நிறைய உண்டு. இன்றும் அது கடைகளில் இருக்கிறது.

இப்போது லயத்துக் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். கோதுமை மா ரொட்டி, சம்பல், பிளேன்டி. வெள்ளை மாவில் தவிட்டோடு பி2வும் போய்விடுகிறது. 2022 நெருக்கடியில் பால்மாவும் முட்டையும் எத்தனை வீடுகளில் நின்று போனது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஒரு பிள்ளையின் வாயோரம் வெடித்திருந்தால் "முகம் கழுவவில்லை" என்று ஏச வேண்டாம். என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். முட்டை, பால், ஈரல், பயறு, முருங்கை இலை, பொன்னாங்காணி, இவற்றில் முடிந்ததைக் கொடுங்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே கீரைப் பாத்தி போடலாம். இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவோ பூஞ்சணத் தொற்றோ காரணமாக இருக்கலாம்.

வாஸ்லின் டப்பா வெளியே இருந்து வருகிற பனியைத் தடுக்கும். உள்ளே இருக்கிற பசிக்கு அது மருந்தாகாது.