லாட ஆணி முதல் லாக் ரிங் வரை



போன வாரம் நம்ம திருக்கடையூர் கோயிலில் ஓர் அறுபதாம் கல்யாணம். மணமகன் என் பழைய மாணவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். கல்யாண மாலையோடு காலில் விழுந்து எழுந்தவரிடம், "இத்தனை வருஷம் ராத்திரி பகலா ஓட்டியும் முழுசா வந்து நிக்கிறியேப்பா, எப்படி?" என்று கேட்டேன். "அபிராமி அம்மா புண்ணியம் சார். அப்புறம் ஒண்ணு, காலையில பத்து டயரையும் தொட்டுப் பாக்காம சாவியப் போட மாட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவன் போனதுலேர்ந்து" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வாத்தியார் அல்லவா, சரித்திரத்தில் இருந்துதான் எனக்கு ஆரம்பிக்க வரும்.

எமனிடமிருந்து மார்க்கண்டேயனைக் காத்த ஊர் நம்முடையது. அந்த ஊரில் பிறந்த நான், லாரி டயரின் சரித்திரத்தை எழுத நினைத்துப் பல வருஷம் ஆகிறது.

ரப்பர் பால் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் அதற்கு வல்கனைசிங் என்று பெயர் வந்தது. நம்ம பஞ்சர் கடைப் பலகைகளில் விதவிதமான எழுத்துப் பிழைகளோடு தொங்குவது அந்த ரோமானியச் சாமிதான்! 1888-ல் அயர்லாந்தில் மாட்டு வைத்தியரான ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் மோட்டாரில் ஓடத் தொடங்கியதும் ரப்பருக்கு அடிதடி.

அந்த ரப்பர் நம் வீடுகளுக்கு வேறு வழியாகவும் வந்தது. 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள், இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, மலாயா முழுக்கத் தோட்டங்களாயின. பால்மரம் சீவ ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பலர் நம்ம தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினார்கள். "ரஜூலா கப்பல்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் குடும்பத்திலும் ஒரு 'பினாங்குத் தாத்தா' உண்டு. போனவர் திரும்பி வரவில்லை, ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது என்பார் என் அம்மா.

இங்கே அந்த ரப்பர் டயராகி வந்து இறங்கியபோது ரோடு முழுக்க மாட்டு வண்டி. மாடு நடந்த தடமெல்லாம் கழன்று விழுந்த லாட ஆணி. 1912 வாக்கில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காருக்குப் பெரிய தலைவலி இந்த ஆணிதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதைவிடப் பஞ்சர் ஆகாமல் பார்ப்பது லாபம் என்று நம்ம ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டிருக்கிறார்.

அடுத்த பாடத்தை யுத்தம் நடத்தியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. உலக ரப்பரில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போனது. அமெரிக்காவில் அந்த வருஷம் முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். டயர் தேயக் கூடாது என்பதற்காகவே நாடு முழுக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மலாயாவிலோ ஏற்றுமதி நின்று தோட்டங்கள் படுத்தன. அங்கிருந்த நம் தமிழர்களை ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிப் போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். பினாங்குத் தாத்தா அவர்களில் ஒருவரா என்பதற்கு அந்த டிரங்குப் பெட்டியில் பதில் இல்லை.

இங்கே பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. கரி பஸ் ஓடிய காலம். டி.வி.எஸ். கரிவாயுக் கருவி செய்து விற்றது. டயரின் மேல்பட்டை தேய்ந்தால் புதுப்பட்டை ஒட்டி மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் தொழிலிலும் இறங்கியது. கிடைக்காத பொருளை நம்மவர்கள் கண்ணைப் போலக் காத்தார்கள். தேய்ந்த டயரைத் தூக்கிப் போட மனசு வராத நம் பழக்கத்துக்கு வயது அன்றிலிருந்து எண்ண வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இன்று உலகம் அறிந்த எம்.ஆர்.எஃப். கம்பெனி, 1946-ல் சென்னை திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் பட்டறை. 1952-ல் அவர்கள் செய்யத் தொடங்கியது டயர் அல்ல, பழைய டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பர். புது டயர் வந்தது 1961-ல், அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து. இடையில் 1959-ல் அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை வந்தது. பழைய டயரைக் காப்பாற்றும் தொழிலில் தேறிவிட்டுத்தான் எம்.ஆர்.எஃப். புது டயர் செய்யப் போனது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மாயவரம் - தரங்கம்பாடி ரயில் 1926-ல் வந்தது. 1986-ல் நிறுத்தினார்கள். அறுபது வயது! இத்தனை பேருக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தும் நாம், அந்த ரயிலுக்கு ஒரு மாலைகூடப் போடாமல் அனுப்பிவிட்டோம். ரயில் போன பிறகு நெல், உரம், மணல், கருவாடு எல்லாம் டயரின் தலையில் ஏறியது.

அந்தத் தலையில் எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குப் போடுங்கள். லாரியின் பின் அச்சில் ஒவ்வொரு பக்கமும் ஜோடி டயர், ஆக நாலு. அப்படி ஓர் அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னாக இருந்தது. 2018-ல் 11.5 டன் ஆக்கினார்கள். நாலால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,875 கிலோ. நம்ம கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டைக் கணக்கில் 72 மூட்டை. இப்போது உள் டயரில் காற்று இறங்கிவிட்டது என்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்து டயர் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அதன் தலையில் இப்போது 144 மூட்டை. அது எத்தனை மைல் தாங்கும்?

காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அந்த இடம் சுடும் இல்லையா, அதே கதைதான். உள்ளே சூடேறி, ரப்பரும் நூலும் பிரிந்து, நடுரோட்டில் வெடிக்கும். என் மாணவர் பத்து டயரையும் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். "ராடால தட்டிப் பாத்தா சத்தத்திலேயே தெரியும்னு முன்னெல்லாம் நினைச்சேன் சார். சத்தம் பாதிக் கதைதான் சொல்லும். இப்ப காத்து அளக்கிற கேஜ் பாக்கெட்லயே இருக்கு" என்றார். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் அளக்க வேண்டுமாம். ஓடிய வண்டியில் அழுத்தம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆபத்து என்றார். நான் அவருக்குப் பாடம் சொன்னது போய், அவர் எனக்குச் சொன்னார்.

இனி அந்தப் பையனைப் பற்றி.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். அப்பா இல்லை. "ஏதாவது வேலை பாத்து விடுங்க சார்" என்று அவன் அம்மா வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்த டயர் கடைக்காரர் ஒருவரிடம் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரன். நாலு வருஷத்தில் தனியாக லாரி டயர் கழற்றி மாட்டுவான். அந்தக் கால லாரி ரிம் ஒரே துண்டு அல்ல. ரிம், பக்க வளையம், இரண்டையும் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் என்று மூன்று துண்டு. லாக் ரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். துரு இருந்தாலோ, நெளிந்திருந்தாலோ, வேறு ரிம்முடைய வளையத்தை மாட்டினாலோ உட்காராது. காற்று சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அழுத்தத்தில் ஏறும்போது, அந்த வளையம் பீரங்கிக் குண்டு மாதிரிப் பாயும். 1984-ல் ஒரு மத்தியானம் அவன் டயரின் மேல் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது 19.

விதி என்றோம். எல்லோரோடும் சேர்ந்து நானும் அப்படித்தான் சொன்னேன்.

பல வருஷம் கழித்து ஒன்று படித்தேன். இந்தத் துண்டு ரிம்களுக்கென்றே அமெரிக்காவில் 1980-லேயே தொழிலாளர் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். நீள ஹோஸின் முனையைக் கவ்வ மாட்டிவிட்டு, வளையம் பாயும் திசையில் நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். துண்டுகளைச் சுத்தம் செய்து, பொருந்துகிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். கழற்றும்போது முதலில் காற்றை முழுக்க இறக்க வேண்டும். 1984-ல், நம் பையன் போன அதே வருஷம், ஒற்றைத் துண்டு ரிம்முக்கும் அந்த விதியை நீட்டினார்கள். டன்லப்பின் டயர் கடல் தாண்டி நம்மிடம் வர இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கூண்டும் ஒரு நீள ஹோஸும் அவன் இருந்த கடைக்கு வந்து சேரவே இல்லை. பாபரின் வருஷத்தை மனப்பாடம் செய்ய வைத்த நான், அவனை அனுப்பிய இடத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதை எழுதக் காரணம், உங்களில் லாரி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். அறுவடை இயந்திரம், டிராக்டர், பள்ளிக்கூட வேன் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். சம்பா நெல் ஏறும் நேரம் இது. டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்தது என்று பொருள். கோயிலில் நட்சத்திரம் பார்ப்பது போல டயருக்கும் வயது பாருங்கள். பட்டையின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும். உள் டயரை மறக்காதீர்கள். காற்று இறங்கிய நிலையில் ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிக்கச் சொல்லாதீர்கள், கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கூண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், காற்றடிக்கும் பையனை விலகி நிற்கச் சொல்லுங்கள். நேரமாகிறது என்று அவனை அவசரப்படுத்தாதீர்கள்.

அறுபதாம் கல்யாணத்தில் கலச நீர் ஊற்றியபோது, அந்தப் பையனின் தங்கையும் வந்து ஒரு சொம்பு ஊற்றினாள். அண்ணன் ஸ்தானத்தில் இவர்தான் அவளுக்கு எல்லாம் செய்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தால் அவனுக்கும் இந்த வருஷம் அறுபது.

எல்லோரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்