தீக்குழாயும் டீசல் வண்டியும்

வெள்ளவத்தைக் கடலோரமாகச் செல்லும் தண்டவாளத்தின்மீது 1938 ஆம் ஆண்டிலே புதுவகையான மூன்று வண்டித்தொடர்கள் ஓடத் தொடங்கின. ‘சில்வர் ஃபோம்’, ‘சில்வர் ஸ்பிறே’, ‘சில்வர் மிஸ்ற்’ எனக் கடல்நுரையையும் திவலையையும் மூடுபனியையும் நினைவூட்டும் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருந்தனர். அவற்றிலே கரியும் இல்லை, கொதிகலனும் இல்லை, அடுப்பினுள் கரி தள்ளி வியர்த்து நிற்கும் ஆளும் இல்லை. அவை டீசல் எஞ்சினால் ஓடின. மோட்டார்க் காரில் பெற்றோலைப் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அதுவும் வேண்டியதில்லை. அவ்வாறாயின் அதனுள்ளே தீ எங்கிருந்து வருகின்றது?

காற்றிலிருந்து வருகின்றது. இறுக மூடிய உருளையினுள்ளே காற்றை மிக விரைவாக நெருக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டிலே தெளிக்கப்பட்ட எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். இவ்வுண்மையைக் கொண்டு ஐரோப்பியர் எஞ்சின் செய்வதற்கு முன்னரே, இதைக் கொண்டு சுருட்டுக்கு நெருப்பு மூட்டிய மக்கள் நமக்குக் கிழக்கேயுள்ள நாடுகளில் வாழ்ந்தனர். அவர்கள் கையாண்ட தீக்குழாயின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

தமிழர் தீ உண்டாக்கிய முறை வேறு. ஒரு கட்டையிலே குழி செய்து, அதில் மற்றொரு கோலை நிறுத்திக் கடைந்து நெருப்பெடுத்தனர். அக்கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். புறநானூற்றிலே ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுமிடத்து, வீட்டுக் கூரையின் இறப்பிலே செருகிவைத்த ஞெலிகோலை உவமை காட்டுகின்றார். செருகியிருக்கும்போது அது வெறுங் கோல், கடைந்தெடுத்தாலோ நெருப்பு. இவ்வுவமையிலிருந்து அக்கருவி வீடுதோறும் கைக்கெட்டும் இடத்தில் இருந்த ஒரு புழங்குபொருள் என்பதையும் நாம் அறிந்துகொள்கின்றோம். வேள்விக்கு அரணிக்கட்டை கடைவதும் இம்முறையே. குடமுழுக்குக்கு யாகசாலை அமைக்கும்போது அரணியாலோ சூரியகாந்தக் கல்லாலோ தீ எடுக்கவேண்டும் என்பது விதி. நம் நாட்டு வேடரும் கோல் கடைந்தே தீ மூட்டினர். பின்னர் இரும்பும் சிக்கிமுக்கிக் கல்லும் வந்தன. கடைதல், தட்டுதல் ஆகிய இவ்விரண்டுக்கும் அப்பால் நம்மவர் செல்லவில்லை.

மலாய் நாட்டார் சென்றனர். அவர்களுடைய தீக்குழாய்க்குக் ‘கோபெக் அப்பி’ என்று பெயர். அப்பி என்பது நெருப்பு. கோபெக் என்பது பல் விழுந்த முதியவர்கள் வெற்றிலை பாக்கை இட்டு இடிக்கும் சிறு குழலுரல். மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அந்தப் பாக்குரலை நன்கு அறிந்திருப்பர். நெருப்பை இடித்தெடுக்கும் உரல் என்பதே இப்பெயரின் கருத்து. நம் பாடநூல்களிலே எஞ்சினின் ‘பிஸ்டன்’ என்னும் உறுப்புக்கு ‘முசலம்’ என்று கலைச்சொல் வகுத்திருக்கின்றார்கள். முசலம் என்றால் உலக்கை. கொழும்பிலே கலைச்சொல் வகுத்த அறிஞருக்கும், பெயரறியாத மலாய்க் கைவினைஞனுக்கும் ஒரே உவமை தோன்றியிருப்பதைக் காணும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகின்றது.

கருவியின் அமைப்பு எளிது. மூன்று நான்கு அங்குல நீளமுள்ள எருமைக்கொம்பையோ வைரமான மரத்தையோ எடுத்து, சுண்டுவிரலும் நுழையாத அளவுக்கு ஒரு துளை இடுவர். துளை அடிவரை செல்லாது. அடிப்பக்கம் மூடியே இருக்கும். போர்னியோவில் இபான் மக்கள் மூங்கிலை அச்சாகக் கொண்டு ஈயத்தை வார்த்தும் இதைச் செய்தனர். துளைக்குச் சரியாகப் பொருந்தும் முசலம் ஒன்று. அதன் தலையிலே உள்ளங்கைக்கு ஏற்ற குமிழ். முசலத்தின் நுனியிலே சிறு குழிவு செய்து, அதற்குச் சற்று மேலே நூலைச் சுற்றிக் கொழுப்புத் தடவுவர். காற்று ஒரு மயிரிழையும் கசியக்கூடாது என்பதற்காகவே இந்த நூற்சுற்று. குழிவிலே பஞ்சுபோன்ற எரிதுகளைச் சிறிது அடைத்து, முசலத்தைக் குழாய் வாயிலே வைத்து, குமிழின்மீது உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. அடித்த கணமே வெளியே இழுத்தால் துகள் கனன்றுகொண்டிருக்கும், ஊதிப் பெருக்கிக்கொள்ளலாம்.

எரிதுகளுக்கு மலாய்க்காரர் பயன்படுத்தியது ‘ராபொக்’. அது கித்துள் இனத்தைச் சேர்ந்த ஒரு பனையின் மட்டையடியிலே படரும் மென்பஞ்சு. கித்துள் என்றால் நமக்குப் பாணியும் கருப்பட்டியுமே நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலர் இக்கருவியைத் தாமே செய்து பார்க்க விரும்பினர். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைசற் பட்டறைக்காரர் பித்தளைக் குழாயொன்றை உட்புறம் வழுவழுப்பாகக் கடைந்து கொடுத்தார். எரிதுகளுக்குப் பருத்தித் துணியைக் கரிய வைத்து எடுத்துக்கொண்டனர். ஒரு முற்பகல் முழுவதும் அடித்தார்கள். உள்ளங்கைகள் சிவந்தனவேயன்றித் துணி சிவக்கவில்லை. முசலத்தை அழுத்தினால் அது பந்துபோல் மீண்டு எழவேண்டும்; எழாமல் அப்படியே நின்றது. காற்று கசிகின்றது என்பதற்கு அதுவே அடையாளம். நூலை அவிழ்த்துவிட்டு, நெருக்கமாக மறுபடி சுற்றி, வசிலீன் தடவினார்கள். அடுத்த இரண்டாம் அடியிலே துணியின் ஓரத்தில் ஒரு செம்புள்ளி தோன்றியது. அவ்வறையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் ஓடிவந்துவிட்டார்.

ஏன் ஓங்கி அடிக்கவேண்டும்? மெல்ல அழுத்தினால் காற்றில் பிறக்கும் வெப்பம் குழாயின் சுவரினூடாக வெளியேறிவிடும். திடீரென அடித்தால் வெப்பத்துக்கு ஓடிப்போக நேரமில்லை. நமது வெயிலில் 30 பாகையிலுள்ள காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், கணக்கின்படி அதன் வெப்பநிலை 700 பாகை சதமத்தைத் தாண்டவேண்டும். சுவர் குடிப்பது போக அதிற் பாதியே எட்டினாலும் கரிந்த துணி கனல்வதற்குப் போதும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறியாத சிறுவன் இல்லை, இதுவும் அதுவே. உடனே வெளியே இழுக்கவேண்டியதன் காரணம், குழாயினுள் உள்ள சிறிதளவு ஒட்சிசன் தீர்ந்தால் கனலும் அவிந்துவிடும் என்பதே.

ஒக்ஸ்போட்டிலுள்ள பிற் றிவர்ஸ் நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த ஹென்றி பல்போர், 1907 இல் இக்கருவியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மானிடவியலறிஞர் எட்வேட் டைலருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்ததையொட்டி வெளிவந்த மலரிலே அது இடம்பெற்றது. பர்மாவின் கச்சின், ஷான் மலைநாடுகள், மலாய்க் குடாநாடு, சுமாத்திராவின் மினங்கபாவ் நாடு, யாவா, போர்னியோ, புளோரஸ், பிலிப்பைன் தீவுகளின் லூசோன் என இக்கருவி வழங்கிய இடங்களை அவர் தேடித் தொகுத்தார்.

ஐரோப்பாவிலும் இதே கருவி தோன்றியிருந்தது. வளித்துப்பாக்கிக்குக் காற்றடைக்கும் பம்பிலே தீப்பற்றியதைக் கண்ட செய்தியை, லியோன் நகரத்துப் பௌதிக ஆசிரியர் மொலே 1802 இல் அறிஞருக்கு அறிவித்தார். 1807 இல் இங்கிலாந்தில் இதற்குப் புத்தாக்க உரிமையும் வழங்கப்பட்டது. ஆயின் கிழக்கத்தியர் வெள்ளையரிடமிருந்து இதைப் பெற்றனரா என்பதே கேள்வி. அக்காலத்து அறிஞர் சிலர் காட்டுமக்களுக்கு இவ்வளவு நுட்பம் கைவராது என்று கருதினர். பல்போர் அவ்வாறு கருதவில்லை. இரு நிலத்தாரும் தனித்தனியே கண்டிருத்தல் கூடும் என்ற பக்கமே அவர் சாய்ந்தார். ஐரோப்பியக் கடைகளை எட்டாத மலைக்குடிகளிடமும் இது பரவியிருந்தது. அவர்கள் குழல் துளைப்பதில் வல்லவர்கள். ஊதுகுழல் அம்பு எய்பவர்கள்.

மற்றொரு காரணத்தை நான் பெரிதாக மதிக்கின்றேன். அந்நாட்டுக் கொல்லருடைய உலைத்துருத்தி நம்முடையது போன்றதன்று. இரண்டு பெரிய மூங்கிற் குழாய்களை நிறுத்தி, இறகு கட்டிய முசலங்களை மாறிமாறி ஏற்றியிறக்கிக் காற்றூட்டுவர். நமது துருத்தியோ தோற்பை. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலில், இரும்பு உருக்குவோர் தோல் போர்த்திய துருத்திகளைக் காலால் மிதித்து ஊதிய முறையை விளக்கியிருக்கின்றார். குழாயும் முசலமும் நாள்தோறும் கையிலே புழங்கும் மக்களுக்கே குழாயில் தீ பிறப்பது கண்ணிற் படும். தோற்பையை எவ்வளவு மிதித்தாலும் அதில் தீ பிறவாது. அவர்கள் கண்டதும் நாம் காணாததும் அறிவின் ஏற்றத்தாழ்வால் அன்று. கையிலிருந்த கருவியின் வேறுபாட்டால் என்பதே என் துணிபு.

இனி டீசலிடம் வருவோம். றுடோல்ப் டீசல் மியூனிச் நகரிலே பேராசிரியர் லிண்டேயிடம் பயின்றவர். லிண்டேயின் கையிலிருந்த மலாய்த் தீக்குழாயைக் கண்டே தம் எஞ்சினை அவர் கருதினார் என்று சிலர் எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிய கதை. நம் கீழ்த்திசைக்குப் பெருமை தருவதாகவும் இருக்கின்றது. எனினும் மாணவருக்கு இதை வரலாறென்று கற்பிக்க நான் உடன்படேன். கண்ணாடியாற் செய்த தீக்குழாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வகுப்பறைகளிலே வழக்கமான பொருள். அதைக் காண டீசல் மலாயாவைத் தேடவேண்டியதில்லை. மேலும், அவரை உந்தியது வெப்ப எஞ்சினைப் பற்றிக் கார்னோ 1824 இல் வெளியிட்ட கொள்கை. ஒரே உண்மையை இரு கைகள் பிடித்தன என்று சொன்னாலே மலாய்க் கைவினைஞனுக்குரிய பெருமை முழுவதும் அவனைச் சேரும். அவனை டீசலின் ஆசிரியனாக்கினால்தான் அவன் மதிப்புப் பெறுவான் என எண்ணுவது, மறைமுகமாக அவனைத் தாழ்த்துவதேயாகும்.

டீசலின் எஞ்சின் 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய 26 வீதத்தை வேலையாக மாற்றிற்று. அக்கால நீராவி எஞ்சின்கள் அதில் அரைப்பங்கைக்கூட எட்டுவது அரிது. 1912 பெப்ரவரியிலே ‘செலாந்தியா’ என்னும் டீசற் கப்பல் கோப்பன்கேகனிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. அது சென்றடைய வேண்டிய துறைமுகம் பாங்கொக். தீக்குழாய் வழங்கிய நாடுகளின் நடுவே, காற்றை நெருக்கித் தீ மூட்டும் பெருங் கருவியுடன் அக்கப்பல் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார்.

அதற்குள் கோபெக் அப்பியின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. அதை வீழ்த்தியது டீசல் எஞ்சின் அன்று, தீப்பெட்டி. சுவீடனிலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்த தீக்குச்சிகள் மலாய்ச் சந்தைகளில் மலிந்தபோது, நூல் சுற்றவும் கொழுப்புத் தடவவும் யாருக்குப் பொறுமை இருக்கும்? தீக்குழாயோடு சேர்த்துக் கயிற்றிற் கட்டியிருந்த எரிதுகட் சிமிழும் கொழுப்புச் சிமிழும், துகளை அடைக்கும் சிறு அலகும் மூலைக்குப் போயின. எருமைக்கொம்பிலே அழகாகக் கடைந்தெடுத்த குழாய்கள் சிலவற்றை, பல்போர் பணியாற்றிய அந்த ஒக்ஸ்போட் நூதனசாலையிலே இன்றும் காணலாம்.