புற்றின் வேர் தேடிய பெண்மணி: கமல் ரணதிவே அம்மையார் வரலாறு



இவ்விதழின்கண் புலவர், வள்ளல், நாட்டுக்குழைத்த நல்லோர் ஆகியோர் வரலாறுகளை அவ்வப்போது எழுதி வந்துள்ளோம். இம்மாதம் யாம் எடுத்துக்கொண்டது ஓர் அறிவியல் அம்மையாரின் வரலாறு. அவர் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர், தமிழ்நாட்டினரும் அல்லர். அங்ஙனமாயின் அவர் வரலாறு நம் சங்க இதழில் இடம்பெறுவது ஏன் என்று சிலர் வினவலாம். அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த நோய் நம் இல்லங்களிலும் உண்டு. அதன் பெயரைச் சொல்லவே நாம் நாணுகின்றோம். இதுவே யாம் கூறும் விடை.

அந்நோய் மார்பகப் புற்றுநோய். எம் வகுப்பு மாணவி ஒருத்தி, இந்நோய்க்குப் புற்று என்னும் பெயர் வந்தது எவ்வாறு என்று ஒருநாள் கேட்டனள். கறையான் எடுக்கும் புற்றை நம் ஊர்ப்புறத்துக் கரிசற்காட்டில் எல்லாரும் கண்டிருப்பர். மேலே தெரிவது சிறு மேடு. உள்ளே கிளைத்தோடும் வழிகள் பற்பல. மேட்டை மட்டும் வெட்டியெறிந்தால் அது மீண்டும் எழும். பண்டை யவன மருத்துவர் இந்நோயை நண்டு என்றனர். நம்மவர் புற்று என்றனர். உள்ளே பரவும் இயல்பைக் குறிப்பதில் நம் பெயர் மிகப் பொருத்தமுடைத்தென்பது எம் கருத்து. அப்புற்றின் உள்வழிகளைக் காணப் புகுந்தவரே கமல் அம்மையார்.

அவர் 1917-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் தினகர் சமர்த் என்பவர் அந்நகரத்துப் பெர்கூசன் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். தம் மக்கள் அனைவரும் கல்வி பெறவேண்டுமென உறுதி பூண்டவர். கமல் மருத்துவம் பயின்று ஒரு மருத்துவரை மணக்கவேண்டும் என்பது தந்தையார் விருப்பம். மகளார் உள்ளமோ செடிகொடிகளையும் உயிரினங்களையும் நாடிற்று. அவர் அவற்றையே பயின்றார். பின்னர் வேளாண்மைக் கல்லூரியில் சீத்தாப்பழ மரத்தின் இனத்தைச் சேர்ந்த செடிகளின் உயிரணுக்களை ஆராய்ந்து 1943-இல் மேற்பட்டம் பெற்றார். 1939-இல் அவர் மணந்துகொண்ட ஜெ. த. ரணதிவே கணித வல்லுநர். மனைவியாரின் மேற்படிப்புக்கு உறுதுணையாய் நின்றவர். மணத்தோடு மகளிர் கல்வி முடிந்தது என்று கருதுவோர் இதனை உன்னுக.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பெற்றது. அங்கு வசந்த் ராம்ஜி கானோல்கர் என்னும் நோய்க்குறியியற் பேரறிஞர் பணியாற்றினார். இன்ன பழக்கமுடைய மக்களுக்கு உடம்பின் இன்ன இடத்தில் புற்று மிகுகின்றது என ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அவர். சுருட்டின் கொள்ளியை வாயினுள் வைத்துப் புகைப்போர்க்கு மேலண்ணத்திலும், வேட்டியை இறுகக் கட்டுவோர்க்கு இடுப்பிலும் அந்நோய் தோன்றுதலை அவர்தம் ஆராய்ச்சி விளக்கிற்று. அத்தகையாரிடம் பயின்று கமல் அம்மையார் 1949-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ச்சிக்கு உதவியவை சுண்டெலிகள். இதன் காரணத்தைச் சிறிது விரித்துரைப்போம். மனிதர் ஒரு தலைமுறையைக் கடக்க இருபத்தைந்து ஆண்டுகள் செல்லும். சுண்டெலிக்குச் சில திங்களே போதும். ஆகவே பாட்டி முதற் பேர்த்தி ஈறாக நோய் இறங்கி வரும் முறையை எலிகளிடத்தே விரைவிற் காணலாம். சில எலிக் குடும்பங்களில் மார்பகப் புற்று மிகுதியாய் வரும். சிலவற்றில் அரிதாய் வரும். நோய் மிக்க குடும்பத்துக் குட்டிகளைப் பிறந்தவுடன் எடுத்து நோயரிய தாயிடம் பால் குடிக்க விட்டால் அவற்றிற் பல நோயின்றி வளர்ந்ததை அமெரிக்க அறிஞர் ஜான் பிட்னர் 1936-இல் வெளியிட்டார். பாலில் இருந்தது ஒருவகை நச்சுயிரி எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கமல் அம்மையார் இவ்வழியே மேற்சென்று, குலவழி இயல்பு, உடம்பிற் சுரக்கும் ஊறுநீர்கள், நச்சுயிரி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து செயற்படும் வகையை ஆராய்ந்தார். மார்பகப் புற்றுக்கும் குலவழிக்கும் உள்ள தொடர்பை முற்படக் கண்டோருள் அவரும் ஒருவர்.

தாய்மார்கள் இங்கு ஒன்றை மயங்குதல் கூடாது. எலிக்குச் சொன்னது மனிதர்க்கு ஆகாது. தாய்ப்பால் குழந்தைக்குப் புற்றைத் தருவதில்லை. பாலூட்டுதல் தாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கவே செய்கின்றது.

பின்னர் அம்மையார் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கை என்பாரிடம் திசு வளர்ப்புக் கலையைப் பயின்றார். வைகைப் பாசனத்து உழவர் நாற்றங்காலில் நாற்றை வளர்த்தலை அறிவர். அதுபோல உடம்பினின்று எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு, வேண்டும் ஊட்டமும் வெம்மையும் தந்து வளர்ப்பதே அக்கலை. அங்ஙனம் வளர்த்தால் நல்லணு நடக்கும் முறையையும் புற்றணு வரம்பின்றிப் பெருகும் முறையையும் கண்ணெதிரே வைத்து நோக்கலாம். தாயகம் திரும்பி, பம்பாய் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் அமைத்த திசு வளர்ப்புக் கூடம் இந்நாட்டில் அவ்வகைக்கு முதலாவதெனப் போற்றப்படுவது. 1966 முதல் 1970 வரை அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பையும் அவர் ஏற்று நடத்தினார். தொழுநோய்க் கிருமியையும் ஆராய்ந்தார். 1973-இல் இந்தியப் பெண் அறிவியலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2001 ஏப்ரல் 11-ஆம் நாள் மறைந்தார்.

நம் தமிழ்நாட்டிலும் இத்துறையில் வழிகாட்டிய மாதரசி உண்டு. புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மடிந்த துயரை நெஞ்சிற் கொண்டு, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். துயரை மறைத்து வைக்காமல் ஊருக்குப் பயன்படுமாறு செய்தது அவர் பெருமை.

நாமோ மறைக்கின்றோம். எம் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுவோம். எம் சிற்றன்னையார் சோழவந்தான் பக்கத்துச் சிற்றூரில் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்திற் புகுந்தவர். மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. அப்பொழுது பெண்கள் இருவர்க்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். "தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் பெண்களை எவர் கொள்வார்?" என்று அஞ்சி, ஒருவர்க்கும் சொல்லாது மஞ்சட் பற்றுப் போட்டுக்கொண்டு ஈராண்டு கழித்தார். மூத்தவள் மணம் முடிந்தது. மதுரைக்கு அழைத்து வந்தபோது நோய் எலும்பில் ஏறியிருந்தது. இளையவள் மணத்தை அவர் காணவில்லை. இதில் எவரையும் யாம் குறை கூறோம். வரன் பேசுமிடத்தில் நோய் விசாரிக்கும் நம் வழக்கமே அவர் வாயைக் கட்டிற்று. அவ்வழக்கத்தில் எமக்கும் பங்குண்டு.

உண்மை யாதெனின், இந்நோயுற்ற மகளிர் நூற்றுவரில் குலவழியாய் அதனைப் பெற்றவர் ஐவர் முதல் பதின்மரே. ஆதலின் தாய்க்கு வந்தமை பற்றி மகளைத் தள்ளுதல் அறியாமை. அச்சிறு பகுதியினர்க்கோ, குடும்பத்தில் நோய் இருந்த செய்தியே காவலாகும்; அதனை மருத்துவர் அறிந்தால் முன்னரே சோதித்துக் காப்பர். மறைத்தால் மகளையே இழப்போம்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்வாங்குதல், குருதி கசிதல் ஆகியவற்றுள் ஒன்று காணின் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது; வலியின்மை கொண்டு வாளாவிருத்தல் தகாது. கட்டிகளிற் பெரும்பாலன புற்றல்ல என்பதும் அறிக. அஃது இன்னதெனத் துணிவது மருத்துவர் தொழில்.

எம் சிற்றன்னையாரின் மூத்த மகள் இன்று நாற்பதைக் கடந்தவள். ஆண்டுதோறும் மதுரைக்கு வந்து சோதித்துக்கொள்கின்றாள். மருத்துவர் கேட்குமுன்னரே, "என் தாய்க்கு இந்நோய் இருந்தது" என்று சொல்லுகின்றாள். நம் சமூகத்துப் பெண்கள் அனைவரும் அவ்வாறு சொல்லத் துணிக. அங்ஙனம் சொன்னவரை நம் குடும்பங்கள் இழிவாய் எண்ணாதொழிக. நம் சிறுமியருள் உயிரியல் விரும்பும் ஒருத்தி கமல் அம்மையார் வழியிற் செல்ல விழையின், பெற்றோர் தடை நில்லாது துணை நிற்பாராக.