ஆம்பூர்ப் பக்கம் அடுப்பு மாறிய கதை



நம் ஊர்களில் விறகடுப்பு எப்போது ஓய்ந்தது என்று கேட்டால் பலரும் 2007-ஐச் சொல்வார்கள். கலைஞர் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுத்த காலம். 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. சரிதான். ஆனால் என் கணக்கில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கும் பாதிப் பங்கு உண்டு. விடிந்ததும் பஸ் பிடிக்க ஓடும் பெண் எப்போது வேலிகாத்தான் வெட்டி, காயவைத்து, ஊதுகுழல் ஊதுவாள்? கையில் சம்பளம் வந்தது, வீட்டில் சிலிண்டரும் வந்தது.

அதற்கு முன்பே சாண எரிவாயு இருந்தது. 1981-82-இல் தேசியத் திட்டம் போட்டு மானியம் கொடுத்தார்கள். ஆனால் ஒரு குடும்பத்துச் சமையலுக்கு மூன்று நான்கு மாடாவது வேண்டும். தினமும் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். மாடே இல்லாத டேனரித் தொழிலாளி என்ன செய்வார்? 2024-இல் வந்த சூரிய மின் திட்டமும் அப்படித்தான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, சொந்த மொட்டை மாடி இருந்தால்!

2022-இல் 14.2 கிலோ சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது கொல்லைப்புறங்களில் மறுபடி புகை கிளம்பியது. 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள். வெந்நீருக்கு இன்னும் விறகுதான்.

கம்பெனிக்குப் போகும் என் மாணவிகளே, உங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? எழுதுங்கள்.