பிரசங்கியார் சொன்ன கதைகள்: றல்ஃப் கொனர்

ஆங்கிலத்தில் ‘வெஸ்டேர்ண்’ என்றொரு கதைவகை உண்டு. குதிரையும் துப்பாக்கியும் மதுச்சாலையும் எல்லையற்ற புல்வெளியும் அதன் அடையாளங்கள். நம்மவர் இவற்றைப் படமாளிகைகளிற் கண்டு களித்திருக்கின்றனர். அந்த முரட்டு உலகினுள் ஒரு கிறிஸ்தவ மதகுருவைக் கொண்டுபோய் நிறுத்தி, இலட்சக்கணக்கான வாசகரைக் கவர்ந்தவர் றல்ஃப் கொனர். நேயர்களே, இன்றைய உரையில் அவரைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

றல்ஃப் கொனர் என்பது புனைபெயர். இயற்பெயர் சார்ள்ஸ் வில்லியம் கோர்டன். 1860 செப்டெம்பர் 13ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கிளென்கரியிற் பிறந்தார். ஸ்கொட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய, கேலிக் மொழி பேசும் மக்கள் காடு வெட்டி உருவாக்கிய பகுதி அது. தந்தையார் அங்கே பிரஸ்பிற்றேறியன் சபைக் குரு. ரொறன்ரோவிலும் எடின்பரோவிலும் கற்ற மகனும் 1890இல் குருத்துவம் பெற்று, றொக்கி மலைப் பகுதியிலுள்ள பான்ஃப் சென்றார். சுரங்கத் தொழிலாளரும் மரம் வெட்டுவோரும் வாழ்ந்த பணிக்களம் அது. 1894இல் வின்னிப்பெக் நகரின் புனித ஸ்தேவான் ஆலயப் பொறுப்பை ஏற்றார்.

அவர் பேனா எடுத்தது இலக்கியப் புகழை நாடியன்று. மேற்குப் பிரதேச மிஷன் பணிக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தத் தேவையைக் கிழக்கிலுள்ள சபையார் உணரும் வண்ணம் கதையாக எழுதித் தருமாறு ரொறன்ரோவின் ‘வெஸ்ற்மினிஸ்டர்’ சஞ்சிகை ஆசிரியர் மக்டொனால்ட் கேட்டார். மரம் வெட்டுவோர் முகாமொன்றின் நத்தார் இரவு கதையாயிற்று. என்ன பெயர் போடுவது என்று தந்தி வந்தது. மிஷன் கடிதத்தாளில் ‘கனேடிய வடமேற்கு’ என்பதைக் குறித்த ‘கான்’, ‘நோர்’ என்ற ஆங்கிலச் சுருக்கங்களை இணைத்து ‘கானர்’ என்று கோர்டன் பதில் அனுப்பினார். அது ‘கொனர்’ ஆனது. ‘றல்ஃப்’ என்பது சஞ்சிகையில் முன்னே சேர்க்கப்பட்டது. இவ்வாறு ஒரு கடிதத்தாளின் தலைப்பிலிருந்து ஒரு நாவலாசிரியர் பிறந்தார்!

1898இல் ‘பிளாக் றொக்’, 1899இல் ‘த ஸ்கை பைலற்’, 1901இல் ‘த மான் ஃப்றொம் கிளென்கரி’ ஆகிய நாவல்கள் வெளிவந்தன. இம்மூன்றும் 50 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கூறப்படுகிறது. அமெரிக்காவிற் பதிப்புரிமை இல்லாதிருந்தமையால் ‘பிளாக் றொக்’கை அங்கு பலரும் அனுமதியின்றி அச்சிட்டனர். அந்தத் திருட்டும் அவர் பெயரைப் பரப்பியது.

‘ஸ்கை பைலற்’ என்பது மாட்டிடையர் மதகுருவுக்கு வைத்த கேலிப்பெயர். வானத்துக்கு வழிகாட்டுபவன் என்பது பொருள். அல்பேர்ட்டா மலையடிவாரத்துக்கு வரும் இளம் குரு, அவர்களோடு பேஸ்போல் விளையாடித்தான் முதலில் அவர்கள் மதிப்பைப் பெறுகிறான். குவென் என்னும் துடுக்கான சிறுமி விபத்துக்குள்ளாகிப் படுக்கையிற் கிடக்கிறாள். இறைவன் ஏன் இதைச் செய்தான் என்பது அவள் கேள்வி. குரு பிரசங்கம் செய்யவில்லை. மின்னல் பிளந்த புல்வெளியின் காயத்திலேதான் அபூர்வ மலர்கள் பூத்தன என்றொரு கதை சொல்கிறான். பிரசங்கம் செல்ல முடியாத இடத்துக்குக் கதை செல்லும் என்று கொனர் கண்டுகொண்டதற்கு இதுவே சான்று. 1921இல் கிங் விடோர் இந்நாவலைத் திரைப்படமாக்கினார்.

கிளென்கரி நாவலின் பலம் வேறு. பழிவாங்கத் துடிக்கும் மரந்தறிக்கும் முரடன் மன்னிப்பை நோக்கித் திரும்பும் பாதையை அங்கு காண்கிறோம். அவனைத் திருப்பும் குருவின் மனைவியிலே கொனரின் தாயாரின் சாயல் உண்டு. சொந்த மண்ணும் சொந்த மனிதரும் என்பதால் எழுத்திலே உயிர் இருக்கிறது.

அந்த உயிர் 1909இல் வந்த ‘த ஃபொறினர்’ நாவலிற் குன்றிவிடுகிறது. வின்னிப்பெக்கிற் குடியேறிய கிழக்கு ஐரோப்பிய மக்களைப் பற்றியது அது. குடியும் அழுக்கும் சண்டையுமே அவர்கள் வாழ்வாகக் காட்டப்படுகின்றன. ஆங்கிலமும் புரட்டஸ்தாந்து ஒழுக்கமும் கற்றாலன்றி அவர்களுக்கு மீட்சியில்லை என்பது நாவலின் தீர்ப்பு. அம்மக்களின் மொழிக்கும் வழிபாட்டுக்கும் உள்ளே புகுந்து பார்க்க அவர் முயலவில்லை. உறவினரைக் கனடாவுக்கு அனுப்பிவைத்த நமக்கு இந்த நாவல் உறுத்தாமற் போகாது. கிளென்கரியில் அவர் அயலவராக நின்று எழுதினார். இங்கே பிரசங்க மேடையில் நின்று எழுதினார் என்பேன்.

முதலாம் உலகப்போரில், 1915இல், 54 வயதிலே படைக்குருவாகச் சென்றார். நாவல்கள் ஈட்டிய பெருஞ்செல்வம் நண்பரொருவரின் முதலீடுகளில் அழிந்துபோனதைப் போர்க்காலத்தில் அறிந்தார். இருந்தும் ஒதுங்கவில்லை. 1919ஆம் ஆண்டு வின்னிப்பெக் பொது வேலைநிறுத்தத்தின் பின்னர், தொழிலாளர்க்கும் முதலாளிமார்க்கும் இடையே இணக்கம் காணும் மானிற்றோபாக் கைத்தொழிற் சபைக்குத் தலைமை தாங்கினார். 1921இல் பிரஸ்பிற்றேறியன் திருச்சபையின் பொதுச்சபைத் தலைவரானார். 1937 ஒக்டோபர் 31இல் மறைந்தார். சுயசரிதை அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இன்று அவரை வாசிப்போர் சிலரே. நல்லவன் வெல்வான், கெட்டவன் திருந்துவான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவது அவரது பெருங்குறை. ஆயினும், கொள்கைக்காக எழுதுவோர் அவரிடம் கற்க ஒன்றுண்டு. மனிதரை நேசித்து, அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட இடங்களில் அவரது கொள்கையும் வாழ்கிறது. கேளாமலே போதித்த இடங்களிற் கதையோடு கொள்கையும் மடிந்துவிட்டது.