தண்ணி வரலைன்னா யாரைக் கேட்கணும்? உள்ளாட்சி தேர்தலில் ஓட்டுப்போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விவரங்கள்

உள்ளாட்சி தேர்தல் வந்துவிட்டால் போதும், வேட்பாளர்கள் வீட்டு வாசலில் வந்து கும்பிடு போடுவார்கள். "தினமும் தண்ணி விடுவேன், தெருவிளக்கு போடுவேன், கரண்ட் பில்லை குறைப்பேன்" என்று வாக்குறுதிகளை அள்ளி வீசுவார்கள். இதில் எது அவர்களால் முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டால் ஏமாறாமல் ஓட்டுப்போடலாம்.

கிராமத்தில் 4 ஓட்டு

கிராமத்தில் ஒருவருக்கு 4 ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சி தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என நான்கு பேரை தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இரண்டு பதவிக்கும் கட்சி சின்னம் கிடையாது.

தலைவருக்கு இளஞ்சிவப்பு சீட்டு, ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம்.

"வார்டு மெம்பர்தானே" என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. துணைத்தலைவரை தேர்வு செய்வது வார்டு உறுப்பினர்கள்தான். ஊராட்சி பணத்தை எடுக்க தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இவர்களுக்குள் சண்டை வந்தால் வேலை நின்றுபோகும்.

நகரத்தில் 1 ஓட்டு

2022 தேர்தலில் நகரவாசிகள் கவுன்சிலருக்கு மட்டுமே ஓட்டுப்போட்டார்கள். மேயரையும் சேர்மனையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் அப்படித்தான். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே மேயரை நேரடியாக தேர்ந்தெடுத்தார்கள்.

எது யார் வேலை?

குடிநீர் வினியோகம், தெருவிளக்கு, குப்பை, தெரு சாலை, சாக்கடை எல்லாம் உள்ளாட்சியின் வேலை. ஆனால் கூட்டுக்குடிநீர் திட்டங்களை பெரும்பாலும் நடத்துவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலை தொட்டிக்கு தண்ணி வந்தும் தெருவுக்கு வரவில்லை என்றால் தலைவரைக் கேட்கலாம். தொட்டிக்கே வரவில்லை என்றால் வாரியத்திடம் போராட வேண்டியவரும் அவர்தான். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு.

கரண்ட் பில்லை எந்த கவுன்சிலராலும் குறைக்க முடியாது. அந்தக் கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ரேஷன் கார்டும் பட்டாவும் அரசுத் துறைகள் கையில் இருக்கிறது. கவுன்சிலர் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான்.

வரி உயர்வு

நகர்ப்புற தேர்தல் ஓட்டுப்பதிவு 2022 பிப்ரவரி 19-ந் தேதி நடந்தது. அதே ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் சொத்துவரி உயர்வை அரசு அறிவித்தது. 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கே 25 சதவீதம் கூடியது. ஓட்டு கேட்டு வருபவரிடம் வரி பற்றியும் கேட்டுவிட வேண்டும் என்பதற்கு இதுவே உதாரணம்.

தேர்தல் நடக்காவிட்டால்?

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சி தேர்தலை ஐகோர்ட்டு ரத்து செய்தது. 27 மாவட்ட கிராமங்களில் 2019 டிசம்பரிலும், 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். அந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியம் நின்றுபோகும். அடிபடுவது குடிநீரும் சுகாதாரமும்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* மோட்டார் பழுதானால் எத்தனை நாளில் சரியாகும்?
* தெருவிளக்கு புகாரை யாரிடம் சொல்ல வேண்டும்?
* குப்பை வண்டி தினமும் வருமா?
* வீட்டு வரி, குடிநீர் கட்டணம் கூடுமா?
* வரவு செலவு கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைப்பாரா?

ஜெயித்த பிறகும் கேட்க வழி உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராமசபை கூட்டம் நடத்த வேண்டும். ஊராட்சி வாக்காளர்கள் எல்லோரும் அதில் பேசலாம், கணக்கு கேட்கலாம். சொன்னதை தீர்மானமாக எழுதிவிட்டார்களா என்று பார்த்த பிறகே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.