துருவங்கள் இடம் மாறினால் உலகம் அழியுமா? அறிவியலும் வதந்தியும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையை ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஒன்பது மணிவாக்கில் அலை நம் கரையை அடைந்து, படகுகளையும் வலைகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனது. நான்கே நாளில், டிசம்பர் 30 அன்று, மீண்டும் சுனாமி வரலாம் என்ற எச்சரிக்கை மத்திய உள்துறையிடமிருந்தே வந்தது. கடற்கரை ஊர்களெல்லாம் மறுபடியும் ஓடின. நிவாரணப் பணிகள் பாதியில் நின்றன. ஆனால் அலை வரவில்லை. நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் தகவலை நம்பி அந்த எச்சரிக்கை விடப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் இன்னொரு செய்தியும் பரவியது. பூமியின் அச்சே நகர்ந்துவிட்டதாம், துருவம் இடம் மாறிவிட்டதாம், இனி பேரழிவுதானாம். இருபது ஆண்டுகள் கடந்தும் இதே செய்தி புதிய புதிய வீடியோக்களாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய பெரியவர்கள் அதையே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனவே இதில் எது உண்மை, எது கற்பனை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில், 2004-இல் துருவம் நகர்ந்தது என்பது பொய்யல்ல. 9.1 அளவிலான அந்த நிலநடுக்கத்தில் பூமிக்குள் பெரும் பாறைத் திரள்கள் இடம் மாறின. அதன் விளைவை 2005 ஜனவரியில் நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். வடதுருவத்தின் சராசரி இடம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நகர்ந்தது. ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ நொடி குறைந்தது. அதாவது ஓர் அங்குலம், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. பூமி சுழலும்போது அதன் துருவம் எந்த நிலநடுக்கமும் இல்லாமலேயே இயல்பாகச் சில மீட்டர் அளவுக்கு வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் இந்த ஓர் அங்குலம் எம்மாத்திரம்? நம் கரையில் உயிர்களைப் பறித்தது அலைதான். அச்சு நகர்ந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

துருவத்தை நகர்த்தியதில் மனிதனுக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் உறிஞ்சி எடுக்கப்பட்ட நிலத்தடி நீர் கடலில் போய்ச் சேர்ந்ததால், சுழல் துருவம் சுமார் 80 சென்டிமீட்டர் கிழக்கு நோக்கி நகர்ந்தது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வடமேற்கு இந்தியாவில் எடுத்த நீருக்கு அதில் முக்கியப் பங்கு. நமக்குப் பக்கத்திலேயே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் நிலத்துக்குள் புகுந்து கிணறுகள் உப்பாகிப் போன கதை வடசென்னைக்காரர்களுக்குப் பழையது. அச்சு 80 சென்டிமீட்டர் நகர்ந்ததைப் பற்றி அஞ்சுகிறோமே, கிணறு உப்பானதைப் பற்றி எத்தனை வீடியோ வந்தது?

இதுவரை சொன்னது பூமி சுழலும் அச்சின் துருவம். வதந்திகள் பெரும்பாலும் குழப்பிக்கொள்வது இன்னொரு துருவத்தோடு. அது காந்தத் துருவம், திசைகாட்டியின் முள் தேடும் இடம். நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு கொதித்துப் புரண்டுகொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில்தான் பூமியின் காந்தப்புலம் பிறக்கிறது. ஓட்டம் மாறினால் காந்தத் துருவமும் இடம் மாறும். 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் அதைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1990-களுக்குப் பிறகு வேகம் பிடித்து ஆண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சைபீரியாவை நோக்கி ஓடியது, இப்போது 35 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. கப்பல்களும் விமானங்களும் செல்பேசிகளும் பயன்படுத்தும் உலகக் காந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவது வழக்கம். அந்த ஓட்டத்தால் 2019 பிப்ரவரியில் முன்கூட்டியே திருத்த வேண்டி வந்தது. “விஞ்ஞானிகள் பதறுகிறார்கள்” என்று தலைப்புப் போட்டவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. உண்மையில் அது வரைபடத்தைப் புதுப்பித்த வேலைதான்.

காந்தத் துருவங்கள் தலைகீழாவதும் நடந்திருக்கிறது, ஒருமுறை அல்ல, பலநூறு முறை. உருகிய எரிமலைக் குழம்பு உறையும்போது அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பிரான்சின் புரூன் 1906-இலும் ஜப்பானின் மத்துயாமா 1920-களிலும் பாறைகளில் இந்தப் பதிவைப் படித்தார்கள். நம் நாட்டின் தக்காணக் கரும்பாறைகளிலும் அந்தத் தலைகீழ்ப் பதிவு உண்டு. கடைசியாக முழுமையாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. பொதுவாக அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் மாற்றம், ஓர் இரவில் நடப்பதல்ல. அந்தக் காலங்களிலெல்லாம் உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன என்பதற்குப் பாறைகளில் சான்றில்லை. கடந்த 200 ஆண்டுகளில் காந்தப்புலம் ஏறத்தாழ 9 விழுக்காடு பலவீனமானது உண்மைதான். ஆனால் இப்படி ஏறி இறங்குவது அதன் இயல்பு.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. சென்னையில் 1840-களிலேயே காந்த அளவீடு நடந்தது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் விண்ணிலிருந்து வரும் துகள்களைக் கணக்கெடுக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து பாய்ந்த பெரும் வீச்சு பூமியின் காந்தப்புலத்தை அழுத்தியபோது, அங்கே துகள்கள் சுமார் இரண்டு மணி நேரம் வழக்கத்தை விட அதிகமாக விழுந்தன. 2016-இல் ஆய்வு வெளியானதும் “பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல்” என்று ஊடகங்கள் எழுதின. அந்த இரண்டு மணி நேரத்தில் ஊட்டியில் இருந்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. காந்தப்புலத்துக்கு அடியில் கனமான காற்று மண்டலம் என்னும் இன்னொரு கவசமும் இருக்கிறது. பெரும் சூரியப் புயலால் மின்கட்டமைப்புக்கும் செயற்கைக்கோள்களுக்கும் பாதிப்பு வரலாம் என்பது மெய்யான கவலை, அதற்காகத்தான் விஞ்ஞானிகள் கண்காணிக்கிறார்கள்.

அப்படியானால் கண்டங்கள் ஒரே நாளில் புரளும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சார்லஸ் ஹாப்குட் என்ற அமெரிக்கர் 1958-இல் எழுதிய நூலில், பூமியின் மேலோடு முழுதாக வழுக்கி நகரும் என்றார். ஐன்ஸ்டீன் அதற்கு முன்னுரை எழுதியதை இன்றும் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்குள் நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நகர்வது தெளிவாக நிறுவப்பட்டு, ஹாப்குட்டின் கருத்து கைவிடப்பட்டது. முன்னுரை எழுதியவரின் பெயர் பெரிது என்பதற்காக நூல் மெய்யாகிவிடாது. 2012 டிசம்பர் 21 அன்று உலகம் முடியும் என்ற பரபரப்பிலும் இதே கருத்துதான் வேறு சட்டை போட்டு வந்தது.

நம் சமூகத்தில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. மறுமையின் பெரிய அடையாளங்களில் ஒன்றாகச் சூரியன் மேற்கில் உதிப்பது நபிமொழிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. காந்தத் துருவம் புரள்வதை அதோடு முடிச்சுப் போட்டு, ஆண்டும் குறித்துச் சிலர் பேசுகிறார்கள். காந்தப்புலம் தலைகீழானால் திசைகாட்டி முள்தான் எதிர்ப்பக்கம் திரும்பும். பூமி சுழலும் திசை மாறாது, சூரியன் கிழக்கில்தான் உதிக்கும். 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான். அந்த அடையாளத்தை நாம் ஈமானோடு நம்புகிறோம். அதற்கு இந்த வீடியோக்களின் முட்டுக்கொடுப்பு தேவையில்லை. அந்த நேரத்தைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 187-ஆம் வசனம் தெளிவாக்கிய பிறகு, ஆண்டு குறித்துச் சொல்பவரை என்னவென்பது?

“துருவம் நகர்ந்ததால் நம் பள்ளிவாசல்களின் கிப்லா தவறிவிட்டது” என்பது இன்னொரு வதந்தி. கிப்லா என்பது இரண்டு ஊர்களுக்கு இடையிலான திசை, காந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சென்னையிலிருந்து அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. காந்த முள்ளுக்கும் உண்மை வடக்குக்கும் இங்குள்ள வேறுபாடு இரண்டு பாகைக்கும் குறைவு. செல்பேசித் திசைகாட்டி வைத்துப் பார்த்துக் குழம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகப் பக்கம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும் இரும்புக் கூரைக்கு அடியிலும் அந்த முள் பத்து இருபது பாகைகூடத் தடுமாறும். சைபீரியா வரை போக வேண்டாம், பக்கத்து இரும்புக் கதவே போதும்.

ஐயம் இருந்தால் முள்ளை நம்பாமல் வெயிலை நம்பலாம். ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடிக்கு ஒரு கோடு இழுத்தால் போதும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.